துன்பக் கடல் என்று அச்சடித்துவிட்டேன்

உருவக அணியால் உதை வாங்க இருந்த தமிழ் வாத்தியார் எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். உவமையால் கெட்டவர்கள் உண்டு. மாமியாரின் நடையை யானை நடையோடு ஒப்பிட்டுவிட்டு மூன்று மாதம் மாமனார் வீட்டுப் பக்கமே போக முடியாமல் கிடந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவரும் நானேதான். ஆனால் ஓர் உருவகத்துக்காக ஒரு கடற்கரையே எழுந்து நிற்கக்கூடும் என்று எந்த இலக்கணப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். திருவட்டாறுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். வீடு அருமனையில். முன்னால் போனால் ரப்பர், பின்னால் போனால் தென்னை. கடலை ஆடி அமாவாசைக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன், முழங்கால் வரை. மற்றபடி எனக்குத் தெரிந்த கடலெல்லாம் பாட்டில் வருகிற கடல்தான். அதில் உப்பு கிடையாது.

அணிகளில் மட்டும் நான் புலி. பொருளணி முப்பத்தைந்தையும் மூச்சு விடாமல் சொல்வேன். பையன்கள் மூச்சு விடாமல் கேட்பார்கள். அந்த வரிசையில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. தன்மை நவிற்சி. உள்ளதை உள்ளபடியே சொல்வது. அது எப்படி ஓர் அணி ஆகும்? ‘நகையே போடாமல் வந்தவளையும் நகை போட்டவர்கள் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்’ என்று வகுப்பில் கேலி செய்துவிட்டு, அடுத்ததற்குத் தாவிவிடுவேன்.

எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் கடற்கரையில் பிறந்தவர். அவர் குடும்பத்தில் துடுப்பை விட்டுச் சாக்பீஸைப் பிடித்த முதல் ஆள். முப்பத்தைந்து வயது வரை கல்யாணம் தள்ளிப் போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் சொல்லும் வேடிக்கைக்குச் சிரிக்கிற ஒரே மனிதர் அவர், அதனால் நண்பர். ஒருநாள் வந்து, “ஓய், எனக்குக் கல்யாணம் ஒறச்சாச்சு. மங்களபத்திரம் நீருதான் எழுதணும்” என்றார்.

மணமக்களை வாழ்த்தி ஒருவர் பாட்டெழுதி, ரோஸ் நிறத் தாளில் அச்சடித்து, பந்தலில் எழுந்து நின்று ராகத்தோடு வாசித்து, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுப்பதைத்தான் எங்கள் பக்கத்தில் மங்களபத்திரம் என்போம். படிக்கத் தெரியாதவர்கள்கூட அதை மடித்து மடியில் செருகிக்கொண்டு போய் வீட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். எழுதியவனுக்குப் பாயசம் முதலில் வரும். நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் தமிழ்ப் பற்று என்று அன்று சொன்னேன்.

பதினாறு வரி எழுதினேன். பெண்ணின் முகத்துக்குத் திங்களைப் போட்டேன்; கண்ணுக்குக் கயலைப் போட்டேன்; மாப்பிள்ளையின் தோளுக்கு மலையைப் போட்டேன். டிராயிங் மாஸ்டரின் தோளை நான் பார்த்திருக்கிறேன். சட்டையே அதில் தங்காது. ஆனாலும் உயர்வு நவிற்சி என்று ஓர் அணி எதற்கு இருக்கிறது? கடைசி வரியில்தான் என் முழுத் திறமையையும் இறக்கினேன்:

‘துன்பக் கடல்தாண்டி இன்பக் கரைசேர்வீர்!’

துன்பத்தைக் கடலாக்கினேன். அதோடு நின்றிருந்தால் ஏகதேச உருவகம் ஆகியிருக்கும். ஒற்றைக் காலில் செருப்புப் போட்ட கதை. இன்பத்தையும் கரையாக்கி இரண்டு காலுக்கும் செருப்பு மாட்டினேன். எழுதி முடித்து, என் முதுகை நானே தட்டிக்கொள்ளப் பார்த்தேன், கை எட்டவில்லை.

குழித்துறையில் ஓர் அச்சாபீசில் கொடுத்தேன். அச்சாபீஸ்காரர் வாசித்துவிட்டு, “சாரே, இதை எழுதின கைக்கு ஒரு தங்கக் காப்பு போடணும். நல்ல கனத்துல போடணும். பின்ன அந்தக் கை அசையாது” என்றார். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அது வஞ்சப்புகழ்ச்சி என்பது ராத்திரிச் சோற்றின்போதுதான் பிடிபட்டது. பிழை திருத்தப் போன இடத்தில் அவரிடம் ஒரு வித்தையும் கற்றுக்கொண்டேன். இரண்டு சொற்கள் இடம் மாறி அச்சாகியிருந்தால், முதல் சொல்லின் தலைமேல் ஏறி, நடுவில் இறங்கி, மற்றச் சொல்லின் காலடியில் போய் முடிகிற மாதிரி ஒரு வளைகோடு போட வேண்டும். இதை அங்கே வை, அதை இங்கே வை என்று அர்த்தம். இந்தக் கோடுதான் பின்னால் என் உயிரைக் காப்பாற்றியது. உயிரை என்பது உயர்வு நவிற்சி. ஆனால் மாஸ்டர் தோளுக்கு மலை சொன்ன அளவுக்கு இல்லை.

கல்யாணத்தன்று காலையில் குழித்துறையில் பஸ் ஏறினேன். மடியில் நூற்றைம்பது மங்களபத்திரம் உள்ள கட்டு. பக்கத்து சீட்டில் ஏறக்குறைய என் வயதுள்ள ஒரு பெண். காலடியில் ஒரு பெரிய ஏத்தன் வாழைக்குலை. தலையில் நல்லெண்ணெய், உடம்பில் புதுச்சேலை மொடமொடப்பு. ரோஸ் நிறத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“என்னது அண்ணே, ஓட்டு நோட்டீசா?”

“இல்ல அக்கா. மங்களபத்திரம். நான் எழுதினதாக்கும்.” அந்தக் கடைசி இரண்டு சொல்லை அவள் கேட்டிருக்கவில்லை, நானாகத்தான் சேர்த்தேன்.

“எந்த ஊருக்கு?”

ஊரைச் சொன்னேன். அவள் கண் ஒரு தடவை சுருங்கி விரிந்தது. “எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசியும், கேக்குதேன்” என்றாள்.

இதற்கு மேல் ஒரு வாத்தியாருக்கு என்ன வேண்டும்? ராகம் போட்டு வாசித்தேன். திங்கள் முகத்துக்குத் தலையாட்டினாள். கயல் வந்ததும், “கண்ணுக்கு மீனா? எந்த மீனு? நெத்திலியும் மீனு, சுறாவும் மீனு. தெளிவாச் சொல்லாண்டாமா?” என்று கேட்டாள். முன் சீட்டில் ஒருவர் சிரித்தார். எந்த மீன் என்று எனக்கு எந்த உரையாசிரியரும் சொல்லித் தரவில்லை என்பதால், கேட்காதவன்போல் அடுத்த வரிக்குப் போனேன். மலைத் தோளுக்கு அவளே சிரித்தாள். கடைசி வரி வந்தது. குரலை உயர்த்தி, கையை நீட்டி, முடித்தேன்.

அவள் சிரிக்கவில்லை, தலையும் ஆட்டவில்லை.

“அதை இன்னொருக்க சொல்லும்.”

சொன்னேன். இந்தத் தடவை கை நீளவில்லை.

“கடல் உமக்கு என்ன செஞ்சுது?” என்றாள்.

“இல்லக்கா, அது ஒரு உருவகம்...” என்று ஆரம்பித்தேன்.

“உருவோ அருவோ, துன்பம்னு சொன்னது கடலைத்தானே? சாரே, நான் பொண்ணுக்க அத்தையாக்கும். குலை வாங்க வந்தேன். பொண்ணுக்க அப்பன் எனக்க அண்ணன். அவனைக் கடல்தான் எடுத்துது. பின்ன இந்தப் பிள்ளையை நான் மீன் வித்து வளத்தேன். வளத்ததும் அந்தக் கடல்தான்.”

கண்ணீர் விடவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை, குலை விலையைச் சொல்கிற மாதிரியே சொன்னாள். எடுத்தது கடல், வளர்த்ததும் கடல். இதில் உவமை இல்லை, உருவகம் இல்லை, ஓர் அடைமொழிகூட இல்லை. உள்ளது உள்ளபடி. வகுப்பில் நான் வருஷக்கணக்காகக் கேலி செய்து தாண்டிய அந்த அணி, நகையே போடாமல், ஒரு வாழைக்குலைக்குப் பின்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் பதினாறு வரியும் அதன் பக்கத்தில் பித்தளை மாதிரி இளித்தது.

வியந்து முடிப்பதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

“என்னை விடும். மாப்பிள்ளைக்க காரியம் நினைச்சுப் பாத்தியளா? கடலை விட்டுட்டு சாக்பீஸ் பிடிச்சவன்னு எங்க ஆம்பளைய இப்பவே முணுமுணுக்காணுவ. கடல் நாறுதுன்னுதான் ஓடிட்டான்னு ஒருத்தன். நம்ம பிள்ளையையும் மலைப்பக்கம் கொண்டு போயிருவான்னு இன்னொருத்தன். இந்தச் சம்பந்தத்துக்கு அவனுவளைச் சம்மதிக்க வைக்க நான் ஒரு வருசம் நாக்கு தேயப் பேசியிருக்கேன். இப்ப மாப்பிள்ளைக்க கூட்டுக்காரன் ஒருத்தன் வந்து, துன்பக் கடலைத் தாண்டி கரை ஏறிட்டான்னு பாட்டாப் பாடுனா? அவன் சொல்லிக்கொடுத்து எழுதினதுன்னுல்லா நினைப்பாணுவ!”

சிரித்துப் பழகிய என் நண்பருக்கு அவருடைய கல்யாணப் பந்தலிலேயே நான் குழி தோண்டி, அதை ரோஸ் தாளில் நூற்றைம்பது பிரதி வேறு எடுத்துவிட்டேன்.

“கண்டக்டரே, வண்டியை நிறுத்தும். எனக்கு இறங்கணும்” என்று எழுந்தேன்.

“என்ன சாரே, கல்யாண ஊரு இன்னும் வரல்லியே?”

“எனக்குக் காய்ச்சல்.”

“எப்பம் தொட்டு?”

“இப்பம் தொட்டு.”

அத்தை என் வேட்டி நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள். “இரியும். காய்ச்சல்காரன் இப்படித் துள்ள மாட்டான்.” நான் உட்கார்ந்தேன். பஸ்ஸுக்கு வெளியே சாலையோரத் தென்னைகள் எல்லாம் ஓலையை ஆட்டி, ‘திரும்பிப் போ, திரும்பிப் போ’ என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தன. அவை காற்றுக்குத்தான் ஆடின. என் பயத்தை எடுத்து அவற்றின் தலையில் வைத்தது நான். இதற்குத் தற்குறிப்பேற்றம் என்று பெயர். இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததை அன்றுதான் முதன்முதலாக அனுபவித்தேன். பரீட்சைக்கு முன்னால் பையன்களை இப்படி ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும், மறக்கவே மாட்டார்கள்.

பஸ் நின்றது. இறங்கி ஊருக்குப் போக மணலில் அரை மைல். குலையை அவள் தலையில் வைத்துக்கொண்டாள். என் கட்டு எனக்கே கனத்தது. தென்னந்தோப்புக்கு அப்பால் கடல் இரைந்தது. என் பெயரைச் சொல்லித்தான் இரைகிறது என்று எனக்குத் தோன்றியதை இங்கே எழுத வேண்டியதில்லை.

“அக்கா, நான் அருமனைக்காரன், கடலை முட்டளவுக்கு மேல கண்டதில்ல. இதை வாசிக்காண்டாம். எல்லாத்தையும் மணலுல புதைச்சிருவோம்.”

“பத்திரம் இல்லாத கல்யாணமா? மாப்பிள்ளை வீட்டுக்காரனுக்கு அது ஒரு குறைச்சல்.”

“அப்பம் நிங்களே சொல்லுங்க. துன்பம்னா உங்க பக்கம் எதைச் சொல்லுவிய?”

அவள் யோசிக்கவே இல்லை. “கரையை.”

“கரையையா?”

“பின்ன? ஆனி, ஆடியில கடல் பொங்கும். வள்ளம் எல்லாம் கரையில கமந்து கிடக்கும். ஆம்பளைய கால்மாட்டுல மணலை அள்ளி அள்ளி வச்சுட்டு இருப்பாணுவ. எங்க அடுப்புக்குள்ள நண்டு ஓடும், சாரே. தீ இருந்தால்லா அது பயப்படும்? பின்ன ஒருநாள் விடியக்காலம் வள்ளம் இறங்கும் பாத்தியளா, அதாக்கும் சந்தோசம். அது திரும்பி வந்த பொறவு உள்ளது இல்ல. இறங்குத நேரம் உள்ளது.”

அடுப்புக்குள் நண்டு ஓடும்! பசியைச் சொல்ல எத்தனை பேர் எத்தனை விதமாக முயன்றிருக்கிறார்கள். நான் நடுமணலில் நின்றேன். பிறகு அவள் சொன்னது என் மண்டைக்குள் மெதுவாக இறங்கியது. துன்பம் கரை. இன்பம் கடல். நான் இரண்டு செருப்பையும் சரியாகத்தான் வாங்கியிருக்கிறேன். கால் மாற்றி மாட்டிவிட்டேன்.

துன்பக் கரைதாண்டி இன்பக் கடல்சேர்வீர்.

விரலை மடக்கிப் பார்த்தேன். சீர் கெடவில்லை, தளை தட்டவில்லை. கடலும் நிரையசை, கரையும் நிரையசை. இரண்டே சொல் இடம் மாறினால் போதும்! அச்சாபீஸ்காரரின் வளைகோடு ஞாபகம் வந்தது. பென்சில் காதில் இருந்தது.

ஒரு தென்னையடியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். முதல் தாளில் கோடு போட்டேன். என் கை நடுங்கிய நடுக்கத்தில் அது செத்த மண்புழு மாதிரி விழுந்தது. இரண்டாவது அதைவிட மோசம். முப்பது தாள் முடிவதற்குள் மாதா கோயில் மணி அடித்துவிட்டது. பூசை தொடங்கிவிட்டது, அது முடிந்தால் பந்தல். இன்னும் நூற்றிருபது.

“கொண்டாரும் அந்தக் கம்பை” என்று அத்தை பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“அக்கா, எழுத்து தெரியாண்டாமா?”

“எழுத்தா இது? அலையாக்கும். ஏறி, இறங்கி, போவுது. இதைத் தெரியாதவ எங்க ஊருல எவ இருக்கா?”

வாழ்நாளில் பென்சில் பிடிக்காதவள், கருவாட்டுக்கு உப்புத் தேய்க்கிற வேகத்தில் போட ஆரம்பித்தாள். கடலின் மேல் ஏறி, நடுவில் சரிந்து, கரைக்கு அடியில் போய் விரிந்து நின்றது ஒவ்வொரு கோடும். நான் இடத்தை விரலால் தொட்டுக் காட்டித் தாளைத் தள்ளத் தள்ள அவள் போட்டாள். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஆனால் எல்லாம் அலைதான். அண்ணன் மகளின் கல்யாணப் பூசை தனக்கு அரையும் குறையுமாகப் போகிறது என்று தெரிந்தும், அந்தக் கல்யாணத்துக்காகவே தென்னையடியில் உட்கார்ந்துவிட்டாள். நூற்றைம்பதாவது முடிந்ததும் பென்சிலை என் காதிலேயே திருப்பிச் செருகிவிட்டு, குலையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். மலை நாட்டு வேட்டி கடல் மணலில் ஓடும் அழகை எந்த அணியாலும் சொல்ல முடியாது.

பந்தலில் என்னைக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் கறுத்த, அகன்ற மனிதர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தோள்களைப் பார்த்த பிறகுதான் மலை என்ற உவமை யாரைப் பார்த்துப் பிறந்திருக்கும் என்று தெரிந்தது. தாளை விரித்து ராகம் எடுத்தேன். கயல் கடந்தது. மலைத் தோள் கடந்தது, யாரோ இருமினார்கள். கடைசி வரி.

“துன்பக் கரைதாண்டி...”

நிறுத்தினேன். முன்வரிசையில் ஒரு கிழவர், கட்டிய கையை அவிழ்த்தார். அடிப்பதற்கு என்றே நினைத்தேன்.

“...இன்பக் கடல்சேர்வீர்!”

“உம்ம்” என்றார் கிழவர். அவிழ்த்த கையால் தொடையில் ஒரு தட்டு. வரிசை முழுக்க அந்த ‘உம்ம்’ ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிற்று. “இன்னொருக்க பாடும்!” என்றார்கள். பாடினேன். மூன்றாவது தடவை அவர்களே சேர்ந்து பாடினார்கள். டிராயிங் மாஸ்டர் மாலைக்குள்ளிருந்து தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும். வளைகோட்டின் அர்த்தமும் தெரியும். அவர் முகம் ஒரு கணம் வெளிறி, உடனே தெளிந்தது. என்ன நடக்க இருந்தது, என்ன நடந்தது என்று இரண்டையும் ஒரே கோட்டில் படித்துவிட்டார்.

நான் பக்கத்தில் போனதும் காதில் கேட்டார்: “ஓய், நான் சாக்பீஸோட கரையிலதானே இருக்கேன். அப்பம் என் காரியம்?”

“இம்புட்டு நாளும் கரையில கமந்து கிடந்தீரு. இன்னைக்குத்தானே இறங்குதீரு?” என்றேன். அத்தை பேச்சிலிருந்து எடுத்ததுதான். அவர் என் வேடிக்கைக்கு எப்போதும்போல் சிரித்தார். பெண்ணும் சிரித்ததை நான் கவனித்தேன்.

கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வாத்தியாரு எந்தக் கடக்கரை?”

அந்த ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. நான் மார்பை விரித்து வாயைத் திறப்பதற்குள் அத்தை பின்னாலிருந்து சொன்னாள்: “அவரு அருமனையாக்கும், பெரியப்பா. கடலை முட்டளவுக்கு மேல கண்டதில்ல. அதான் இம்புட்டுத் தெளிவா எழுதிட்டாரு.”

பந்தலே சிரித்தது. இந்தத் தடவை வஞ்சப்புகழ்ச்சி பிடிபடச் சோற்றுவேளை வரை ஆகவில்லை. நானும் சிரித்தேன், வேறு வழியும் இல்லை, ஆசையும் இருந்தது. அவளால் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்க முடியும். என்னைக் கேலி செய்யும் அளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மடியில் முடிந்துகொண்டாள். பாயசம் முதலில் எனக்குத்தான் வந்தது. கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். “குடியும், குடியும். காய்ச்சலுக்கு நல்லது” என்றாள்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பதியைப் பார்க்கப் போனேன். மாஸ்டர் பெண்ணை மலைப்பக்கம் கொண்டுபோகவில்லை; அவரே பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் வந்து போனார். போகிற வழியில் திறந்திருந்த கதவுகளுக்குள் எல்லாம் ரோஸ் தாள் ஒட்டியிருந்தது. உப்புக்காற்றில் அச்சு வெளுத்துப் போயிருந்தது. பென்சில் அலை மட்டும் அப்படியே இருந்தது. மாஸ்டர் கையால் வரைந்த அலங்காரம் என்று அந்த ஊரார் நம்பியிருந்தார்கள்; அவரும் மறுக்கவில்லை.

அவர் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த தாளை மட்டும் பார்த்ததும் தெரிந்தது: செத்த மண்புழு. நான் போட்டது. வெட்கமாகப் போயிற்று. மீன் பொரித்துக்கொண்டிருந்த அத்தையிடம், “எத்தனை நல்ல கோடு போட்டிய! இதைப் போயா ஒட்டணும்?” என்றேன்.

அவள் சட்டுவத்தோடு வந்து சுவரைப் பார்த்தாள்.

“மத்ததெல்லாம் சும்மா கடல், சாரே. எங்களுக்கு அது பழகினதாக்கும். இது ஒண்ணுதான் பயந்த கடல். எங்க கிடைக்கும் இது?”

அது எந்த அணி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் ஒரு மீனை எடுத்து என் இலையில் வைத்தாள். எந்த மீன் என்று கேட்டேன். பெயர் சொன்னாள். அதன் கண் அழகாகத்தான் இருந்தது.